லோர்னா சாப்பிட்ட அரை மிட்டாய்

லோர்னாவுக்குப் பொய் சொல்ல வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அதுபோல. நல்ல குணம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அவளோடு ஒரே காரில் எல்லையைக் கடந்தவர்கள் மட்டும் மெச்ச மாட்டார்கள்.

பாயிண்ட் ராபர்ட்ஸ்காரர்களுக்கு எல்லை என்பது தெருமுனைக் கடை மாதிரி. முனை என்றுதான் ஊரைச் சொல்வார்கள். மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் கனடா. ஊர் அமெரிக்காவைச் சேர்ந்தது, ஆனால் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டுமென்றாலும் கனடாவுக்குள் நுழைந்து, வயல்களுக்கு நடுவே ஓட்டிப்போய், மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைந்தால்தான் சொந்த மாநிலத்தின் மிச்சப் பகுதி வரும். ஒவ்வொரு சாவடியிலும் கண்ணாடியை இறக்கி, என்ன கொண்டுபோகிறீர்கள், பழமோ மண்ணோ உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாக முனைக் குழந்தைகள் கற்றுக்கொள்ளும் வார்த்தை ‘ஒன்றுமில்லை’.

லோர்னா அந்த வார்த்தையைக் கற்கவே இல்லை. பாதி தின்ற ரொட்டிக்குள் இரண்டு வில்லை தக்காளி இருப்பதைச் சொல்வாள். செருப்பில் ஒட்டியிருக்கும் மண், நேற்று சித்தி வீட்டுத் தோட்டத்தில் மிதித்தது என்பாள். ஒருமுறை, கைப்பையின் அடியில் ஒரு திராட்சை உலர்ந்து கிடக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை என்றாள். அதிகாரிகள் அவளை வெறுக்கவில்லை. சாலையோரம் அவள் வைத்திருக்கும் முட்டைப் பெட்டிக்கு முதல் வாடிக்கையாளர்களே அவர்கள்தான். இருந்தாலும் அவள் கார் வரிசையில் தெரிந்தால், பக்கத்துச் சாவடிக்காரர் சத்தமில்லாமல் ஜன்னலை மூடிக்கொள்வார் என்று ஊரில் பேச்சு.

அவள் கணவன் ஐனார் நேர் எதிர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். முனைப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தினமும் கனடா வழியாகப் போய், கனடா வழியாகத் திரும்புகிறவன். சாவடியில் அவன் வாயிலிருந்து ஒரு சொல்லுக்கு மேல் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த இருவரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு லோர்னாவின் பதில்: “ரெண்டு பேரும் பேசினா யாரு கேக்கறது?”

லோர்னா பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், லாட்னரில். ஐனாரைக் கட்டிக்கொண்டு முனைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவள் இன்னும் கனடாக்காரிதான். வெளிநாட்டவர் நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டையில் இங்கே வசிக்கிறாள். குடியுரிமை வாங்கிக்கொள் என்று ஐனார் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். வாங்குவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. உறுதிமொழியில்தான் சிக்கல். பிறந்த நாட்டின் மீதான பற்றையெல்லாம் துறக்கிறேன் என்று கை தூக்கிச் சொல்ல வேண்டுமாம். எல்லோரும் சும்மா வாயளவில் சொல்வதுதான் அது. “மனசுல இல்லாதத எப்படிச் சொல்றது?” என்று கேட்டுவிட்டு அவள் கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டாள். அன்று அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. என்ன செய்வது, நல்லவர்களுக்கு விதி அவர்களுடைய நற்குணத்தின் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

ஓர் இலையுதிர் காலத்தில் அவளுடைய இடது முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. படியேறினால் வலி, படுத்தால் அதைவிட வலி. மாத்திரை வயிற்றைப் புரட்டியது. தபால் நிலையத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே வைத்தியம் சொன்னார்கள். கஞ்சா மிட்டாய். ஊருக்குள்ளேயே கடை இருக்கிறது, மாநிலச் சட்டப்படி நடக்கிற கடை. சரக்கு மட்டும் சாலை வழியாக வராது. கனடாவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் படகில் வந்து இறங்கும்.

கடை நடத்தும் டெல்லா, லோர்னாவைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிற சிநேகிதி இல்லைதான். ஆனால் முட்டை வாங்குகிறவள். ஒரு சின்னத் தகரடப்பாவை எடுத்து வைத்துப் பாடம் நடத்தினாள்.

“பாதிதான் சாப்பிடணும். சாப்பிட்டுட்டு ஸ்டியரிங்ல கை வைக்காத. வண்டில கொண்டுபோறப்ப டிக்கில வை, பிரிச்ச டப்பா முன்சீட்டுல இருந்தா அபராதம். எல்லைப் பக்கம் மட்டும் கொண்டு போயிடாத. அங்கயும் சட்டப்படி சரி, இங்கயும் சட்டப்படி சரி. நடுவுல இருக்கற கோட்டுலதான் தப்பு.”

லோர்னா ஒரு வார்த்தை விடாமல் கேட்டு நடந்தாள். கடையிலிருந்து வீடு கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கும் டப்பாவை டிக்கியில் வைத்து, உருளாமல் இருக்கப் போர்வையால் சுற்றி, வழியில் நின்று பூட்டியிருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு பாதி மிட்டாயைக் கத்தியால் வெட்டி வாயில் போட்டுக்கொண்டாள். மாம்பழச் சுவை. சிறிது நேரத்தில் முழங்கால் யாரோ ஒருவருடைய முழங்காலாக மாறிப்போனது. பல மாதங்களில் முதல்முறையாக அவள் நன்றாகத் தூங்கினாள். பாவம், அதுதான் அவள் நிம்மதியாகத் தூங்கிய கடைசித் தூக்கம்.

அடுத்த வாரம் முட்டை வாங்க வந்த டெல்லா, கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பேச்சுவாக்கில் லோர்னாவின் பச்சை அட்டை விஷயம் வந்தது. டெல்லா கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்தாள்.

“நீ சிட்டிசன்னு நெனச்சேன்.”

“இல்லையே. ஏன்?”

டெல்லா சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாநிலம் சரி என்றாலும் மத்திய அரசுக்கு அது இன்னும் குற்றம்தான். சாவடியில் இருப்பவர்கள் மத்திய அரசின் ஆட்கள். சிட்டிசனாக இருந்தால் தின்றேன் என்று சொன்னாலும் உள்ளே விட்டாக வேண்டும். மற்றவர்கள் ‘ஆமாம், சாப்பிட்டேன்’ என்று ஒப்புக்கொண்டால் திருப்பி அனுப்பலாம். சிலருக்கு ஆயுளுக்கும் கதவை அடைத்துவிடுவார்களாம். பக்கத்து நகரத்து வக்கீலிடம் தொலைபேசியில் கேட்டபோது அவரும் அதையே நீட்டிச் சொன்னார். பொய் சொல்லவே கூடாது, அது இன்னும் பெரிய குற்றம். கேட்டால் பதில் சொல்ல விருப்பமில்லை என்று சொல்லலாம், ஆனால் அதன் பிறகு என்ன நடக்கும் என்று தன்னால் உறுதி தர முடியாது. அந்த மிட்டாயை எங்கே வைத்துச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வீட்டுச் சமையலறையில் என்றாள். வடக்கே கொஞ்ச தூரம் நடந்துபோய்க் கனடாவில் வைத்துச் சாப்பிட்டிருந்தால் இவ்வளவு கவலை இல்லை என்றார் அவர் வருத்தத்தோடு.

லோர்னா தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வீடு, அவள் கோழிகள், அவள் ஐனார், எல்லாம் சாவடிக்கு இந்தப் பக்கம். ஒரே ஒரு கேள்வி. யாராவது கேட்டால் அவள் உள்ளதைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் வீடு போயிற்று.

அன்றிலிருந்து அவள் முனையை விட்டு அசையவில்லை. பல் வைத்தியரின் தேதி போனது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரான ஸவாசனில் இருக்கும் முடி திருத்துகிறவளிடம் போகாமல் தலைமுடி தோளைத் தாண்டியது. யார் ஏன் என்று கேட்டாலும் உண்மையைச் சொன்னாள், வேறென்ன தெரியும் அவளுக்கு. ஆகவே அரை மிட்டாய்ச் செய்தி படகுத்துறைவரை பரவியது. தபால் நிலையத்தில் ஒரு கிழவர் அவளை ‘எங்க ஊர்க் கைதி’ என்று அழைக்க ஆரம்பித்தார். முனையிலேயே பெரிய போதை ஆசாமி யார் தெரியுமா, ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூ வைக்கிற அம்மா என்று இளவட்டங்கள் சிரித்தார்கள். ஊரில் விஷயம் தெரியாதவர்கள் சாவடிக்காரர்கள் மட்டுமே. அவர்கள் முட்டைக்கு வரும்போது, வாசலில் நின்று அரட்டையடிக்கிற லோர்னா இப்போது திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெக்சாஸிலிருந்து மாற்றலாகி வந்த ரமிரெஸ் என்கிற இளம் அதிகாரி, “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று ஐனாரிடம் விசாரித்தான். ஐனார் தன் ஒரே சொல்லைச் சொன்னான்: ‘ஒன்றுமில்லை’.

இந்த நிலையில்தான் மகள் மாரெனின் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஸவாசன்காரன். கல்யாணமும் அங்கேதான், கடலோர மண்டபத்தில். லோர்னாவின் கொல்லையிலிருந்து நல்ல கண்ணுள்ளவர்கள் அந்த மண்டபத்தின் கூரையைப் பார்க்கலாம்.

மாரென் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள். எல்லையோரத்தில் ஒரு தெரு இருக்கிறதே, அங்கே எல்லைக்கோடாக ஓடும் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நாங்கள் நின்றுகொள்கிறோம், இந்தப் பக்கம் நீ நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள், பாதிரியாரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லலாம்.

லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உன்னப் பெத்தப்ப சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்னா பெத்தேன்? நான் வருவேன்.”

“திரும்பி வர முடியலன்னா?”

“ஐனாருக்கு முட்டை வேகவைக்கத் தெரியும்.”

கனடாவுக்குள் போவதில் பயமில்லை. அது அவள் பிறந்த நாடு, எதைத் தின்றிருந்தாலும் உள்ளே விட்டாக வேண்டும். திரும்பும்போதுதான் ஆபத்து. ஆகவே கல்யாணத்துக்குக் கிளம்பிய அந்தத் தாய், புடவைக் கடைக்காரர் மாதிரி ஒரு பெரிய பெட்டி நிறையத் துணி அடுக்கினாள். மழைக்கோட்டு, குளிர்காலக் காலுறை, மாமியார் கொடுத்த வெள்ளிக் கரண்டி, எல்லாம். எந்தக் கோழி எதைத் தின்னாது என்று ஐனாருக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்கும்போது ஐனாரின் மோவாய் துடித்ததை அவள் பார்த்தாள்.

கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால் லோர்னாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முழு நேரமும் அழுதுகொண்டிருந்தாள். பெண்ணைப் பெற்றவள், அழட்டும் என்று சம்பந்தி வீட்டார் நினைத்தார்கள். சால்மன் மீனும் நானைமோ இனிப்பும் பரிமாறினார்கள். விடைபெறும்போது அவள் மகளைக் கட்டிக்கொண்டு விடாமல் நிற்க, மாப்பிள்ளையின் அத்தை மார்னி வாசலில் நின்று விருந்தினர் ஒவ்வொருவருக்கும் வலைத்துணியில் முடிந்த சின்னப் பைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐனார் தன் பங்கு, மனைவி பங்கு இரண்டையும் வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

கிளம்புவதற்கு முன் லோர்னா மண்டபத்து வாசலிலேயே காரைச் சோதித்தாள். மேசை அலங்காரத்துப் பூக்களை எடுத்துக் கொடுத்துவிட்டாள். யாரோ தந்த ஆரஞ்சுகளைத் திருப்பித் தந்தாள். கேக்குக்குள் பழம் இருந்ததால் அங்கேயே நின்று தின்று முடித்தாள். கைப்பையைக் கவிழ்த்து உதறினாள். இனி அவளிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லை, வயிற்றுக்குள் எப்போதோ போன அந்த அரை மிட்டாயைத் தவிர.

பொழுது சாயும் நேரம். அடிக்கடி போய்வருகிறவர்களுக்கான அட்டை இருவரிடமும் இருந்ததால் விரைவு வரிசையில் நின்றார்கள். முன்னால் இரண்டே கார்கள். சாவடியில் ரமிரெஸ். ‘பதில் சொல்ல விருப்பமில்லை’ என்று லோர்னா மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். முட்டை வாங்க வருகிற பிள்ளையிடம் அப்படிப் பேசுவது அவளுக்குச் செருப்பைக் கழற்றி அடிப்பதுபோல் இருந்தது.

வாய் உலர்ந்த ஐனார், கோட்டுப் பையிலிருந்து அந்த வலைப்பையில் ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே அழகான காகிதத்தில் ஒற்றை மிட்டாய். காகிதத்தின் மூலையில் சிவப்பு எண்கோணம், அதற்குள் ஒரு கஞ்சா இலை.

அவன் கழுத்து மெல்லச் சிவந்தது. லோர்னாவும் பார்த்துவிட்டாள். கனடாக்காரர்களுக்கு அது கல்யாணத்தில் விருந்தினர் கையில் கொடுக்கும் பாதாம் பருப்பு மாதிரி. கல்யாண விருந்தினரில் பாதிப்பேர் எல்லையைத் தாண்டி வந்தவர்கள் என்று மார்னி அத்தைக்குத் தோன்றவே இல்லை. அந்த வரிசையில் நுழைந்தவர்கள் திரும்ப வழியில்லை. எறிந்தால் கேமரா பார்க்கும்.

“சொல்லிடணும் ஐனார்,” என்றாள் லோர்னா. “ஒளிக்கக் கூடாது.”

“சொல்றேன்.”

“இதச் சொன்னா, நீங்க சாப்பிடுவீங்களான்னு அடுத்து கேப்பாங்க. நான்...”

“பைய யாரு கையில குடுத்தாங்க?”

“உன் கையில.”

“என் பாக்கெட்டுல இருக்கு. அப்ப ரெண்டும் என்னுது. நீ பொய் சொல்ல வேணாம். வாயத் தொறக்காம இரு, அது போதும். முப்பது வருஷமா நீ பேசின, நான் இருந்தேன்ல? இன்னிக்கு மாத்திக்கலாம்.”

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. ரமிரெஸ் குனிந்து சிரித்தான். கல்யாணம் நல்லபடி முடிந்ததா என்று விசாரித்துவிட்டு, ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று வழக்கம்போல் லோர்னாவைப் பார்த்துக் கேட்டான். அவள்தானே எப்போதும் சொல்கிறவள். லோர்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஐனார் இரண்டு பைகளையும் ஜன்னல் வழியே நீட்டினான்.

“கஞ்சா மிட்டாய் தம்பி. ரெண்டு. ரெண்டும் என்னுது.”

ரமிரெஸின் சிரிப்பு அப்படியே நின்றது. “சார், இத நீங்க சாப்பிடற பழக்கம் உண்டா?”

“பழக்கமா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சேன்.”

அதற்கப்புறம் அந்த மனிதன் பேசிய பேச்சை லோர்னா வாழ்நாளில் கேட்டதில்லை. புகைத்தது, தின்றது, டீயில் போட்டுக் குடித்தது, எழுபதுகளில் மீன்பிடிப் படகில் செய்த அட்டகாசம் என்று அவன் பாட்டுக்கு அவிழ்த்துவிட்டான். எழுபதுகளில் அவன் தொடக்கப் பள்ளியில் இருந்தான். பீர்கூட இரண்டாவது குவளை குடிக்காதவன். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு அடிக்கடி சிறுநீர்ச் சோதனை என்பதால் இருமல் மருந்தைக்கூட லேபிளைப் படித்துவிட்டுத்தான் தொடுவான். தின்ற பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தொடாத ஆண் மூச்சுவிடாமல் ஒப்புக்கொண்டிருந்தான். பின்னால் கார்கள் சேர்ந்தன. ரமிரெஸ் ஒரு கட்டத்தில், போதும் சார், புரிஞ்சுது சார், என்று கெஞ்சினான்.

காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஐனாரை உள்ளே கூட்டிப்போனார்கள். மேலதிகாரி வந்தார், நாய் வந்தது, பெட்டியைத் திறந்து வெள்ளிக் கரண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். வயதான மனுஷனின் திடீர் வாக்குமூலம் அவர்களுக்கும் புதிது. லோர்னா அறையோரத்து பெஞ்சில், யாராவது தன் பக்கம் திரும்புவார்களா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரமிரெஸ் ஒருமுறை அவள் முன்னால் வந்து நின்றான். அவள் எழுந்து நின்றாள், கேள்வியை வாங்கிக்கொள்ளத் தயாராக.

“தண்ணி குடிக்கறீங்களாம்மா?” என்று கேட்டான் அவன். “இத்தன வருஷமா இந்த மனுஷனோட எப்படி இருந்தீங்க, பாவம்.”

அவள் அழுதுவிட்டாள். அழுகைக்கு அர்த்தம் வேறு, அவன் புரிந்துகொண்டது வேறு. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

அபராதம் போட்டார்கள். ஐனாரின் விரைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் சிட்டிசனை வெளியே நிறுத்தி வைக்க முடியாதே, வீட்டுக்கு அனுப்பினார்கள். முனைக்குள் கார் நுழைந்து, பெட்ரோல் நிலையம் தாண்டி, தபால் நிலையம் தாண்டியபோது லோர்னா அவன் தோளில் சாய்ந்தாள்.

“எதுக்கு அத்தனை பொய்?”

“கேள்வி உன்கிட்ட வரக் கூடாது. என்கிட்டயே இருக்கணும். அதுக்குத் தீனி போட்டுட்டே இருந்தேன்.”

செய்தி பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. மறுநாளே ஐனாரைச் சிறுநீர்ச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். முடிவு வந்தது. குழந்தையின் சிறுநீர் மாதிரி சுத்தம். பேருந்து பிழைத்தது, புகழ் போயிற்று. வாழ்நாள் கஞ்சாக்காரன் என்று ஒரு வாரம் அவனுக்குக் கிடைத்த மரியாதையை ஊர் அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டது. பொய்யில்கூட ஐனார் அரைகுறைதான் என்று தபால் நிலையத்துக் கிழவர் சொன்னார்.

லோர்னா ஒரு முடிவுக்கு வந்தாள். இனி குடியுரிமை வாங்கியே தீர்வது, அந்த உறுதிமொழியை எப்படியாவது விழுங்குவது. வக்கீல் மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அங்கேயும் நன்னடத்தை பற்றி இதே கேள்வியைக் கேட்பார்களே என்றார். சில வருடங்கள் போகட்டும், அதுவரை ஒரு துணுக்குக்கூடத் தொடாதீர்கள்.

தொடவில்லை. தொட வேண்டிய தேவை மட்டும் இரண்டு மடங்கானது. பேருந்தின் பிரேக்கை மிதித்து மிதித்து ஐனாரின் வலது முழங்காலும் அடுத்து வந்த குளிர்காலத்தில் விட்டுப்போனது. அவனுக்குச் சிறுநீர்ச் சோதனை, அவளுக்குக் குடியுரிமை. டெல்லாவின் கடையைத் தாண்டித்தான் இருவரும் தினமும் போகிறார்கள். அவள் கையசைக்கிறாள், இவர்களும் அசைக்கிறார்கள். சாப்பாடானதும் அடுப்பங்கரையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலை நீட்டி, குதிரைக்குப் போடுகிற தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறார்கள். வீடே லாயம் மாதிரி நாறுகிறது.

சாவடியில் பதில் சொல்வது இனி ஐனாரின் வேலை என்றான பிறகு லோர்னா மறுபடி முனையை விட்டு வெளியே போகிறாள். பக்கத்து நகரத்துக்குப் போகும்போது அவளிடம் அட்டை இருந்தும் விரைவு வரிசையில் போக முடியாது, காரில் உள்ள எல்லோருக்கும் அட்டை வேண்டும். நீ தனி வண்டியில் முன்னால் போய்விடேன் என்று ஐனார் சொன்னான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீளமான வரிசையில் கார் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. இவ்வளவு காலம் கழித்து அவர்களுக்குப் பேச நேரம் கிடைத்திருக்கிறது. ஐனார்தான் பேசுகிறான்.